வால் கொடுத்த புகார்: குழந்தை சொன்ன கதையை ஒலிநாடகமாக்க எந்த வழி?

முதலில் கதையைக் கேட்டுவிடுங்கள். சொன்னவள் என் அண்ணன் மகள், வயது 6. சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

“ஒரு பல்லி இருந்துச்சாம். அது ஓடும்போது வால் அறுந்து விழுந்துடுச்சாம். வாலு எழுந்து பார்த்தா பல்லியக் காணோம். உடனே வாலு போலீஸ் ஸ்டேஷன் போயி, சார் என் பல்லி தொலஞ்சு போச்சுன்னு புகார் கொடுத்துச்சாம். இன்ஸ்பெக்டர் ஒரு தலகாணி. அதனால அவர் எப்பவும் தூங்கிட்டே இருப்பாரு. வாலு அழுதுச்சாம். அழுத தண்ணியில ஸ்டேஷன் மிதந்து நிலாவுக்குப் போயிடுச்சாம். அங்க பல்லி இருந்துச்சு. ஆனா அது வேற வால் வச்சிருந்துச்சு. அப்புறம் எல்லாரும் செத்துட்டாங்க. அப்புறம் எழுந்து விளையாடினாங்க. அவ்ளோதான்.”

இதில் ஒரு வரிகூட வேடிக்கை காட்டுவதற்காகச் சொல்லப்பட்டதில்லை. ‘இன்ஸ்பெக்டர் ஒரு தலகாணி’ என்பதை ‘இன்ஸ்பெக்டர் உயரமானவர்’ என்று சொல்வது போலத்தான் அவள் சொன்னாள். அவளுக்கு அது தகவல். பல்லியின் வால் அறுந்தபின் கொஞ்ச நேரம் தானாகத் துடிக்கும் என்பதையும், பல்லிக்குப் புது வால் முளைக்கும் என்பதையும் அவள் எங்கேயோ பார்த்தோ கேட்டோ வைத்திருக்கிறாள். அந்த இரண்டு உண்மைகளையும் வாலின் பக்கம் நின்று யோசித்தால் இந்தக் கதைதான் வரும். குழந்தைகளின் பேச்சைப் பல ஆண்டுகள் குறித்துவைத்த ரஷ்யக் கவிஞர் கோர்னெய் சுகோவ்ஸ்கி ஒன்று கவனித்திருக்கிறார்: எது சரி என்று நன்றாகத் தெரிந்த பிறகுதான் குழந்தை அதைத் தலைகீழாகப் புரட்டி விளையாடும். தெரியாமல் உளறுவதாக நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

ஒலிநாடகமாக்க வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் எளிமையானது. ஒரு காவல் நிலையம் கண்ணீரில் மிதந்து நிலாவுக்குப் போவதைப் படமெடுக்கப் போனால் ஆயுள் போதாது. ஒலியில் அது ஒரு வாக்கியமும் ஒரு வாளித் தண்ணீரும்தான். மீதியைக் கேட்பவர் மனசுக்குள் கட்டிக்கொள்வார்.

ஆனால் எப்படிச் செய்வது என்பதில்தான் வீட்டில் சண்டை. அவளே சொல்லட்டும் என்றார் அண்ணி. பெரியவர் ஒருவர் அப்படியே வாசித்தால் போதும் என்றேன் நான். முறையாக ஸ்கிரிப்ட் எழுதி நடிக்க வேண்டும் என்றான் பழைய நாடகக் குழு நண்பன். ஸ்கிரிப்டே வேண்டாம், மைக் முன்னால் நின்று அந்த நேரத்தில் தோன்றுவதைப் பேசலாம் என்றாள் இன்னொரு தோழி. கடைசியில் நான்கையும் செய்து பார்த்தோம். ஒரே கதை, நான்கு பதிவுகள். ஒவ்வொன்றையும் கதைக்காரிக்கும், கதை தெரியாத சிலருக்கும் போட்டுக் காட்டினோம். என்ன கண்டோம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

எழுதிக்கொள்வது

எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஒன்றுதான்: கதையை அவள் வாயில் வந்தபடி எழுதிக்கொள்வது. விவியன் பேலி என்ற அமெரிக்க ஆசிரியை, சிகாகோவில் மழலையர் வகுப்பில் பல ஆண்டுகள் இதைத்தான் செய்தார். குழந்தை சொல்லச் சொல்ல ஆசிரியர் அப்படியே எழுத வேண்டும். அன்றைக்கே வகுப்பு முழுவதும் சேர்ந்து அதை நடிக்க வேண்டும். கதாசிரியருக்குத் தனக்குப் பிடித்த வேடம். கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பாருங்கள், கை தானாகத் திருத்தும். ‘தலகாணி’ என்று அவள் சொன்னதை ‘தலையணை’ என்று நான் எழுதியிருந்தேன். அது தவறில்லைதான், ஆனால் படித்துக் காட்டியபோது அவள் முகம் கொஞ்சம் மாறியது.

கேள்வி கேட்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ‘ஏன்?’ என்று கேட்டால் கதை நின்றுவிடும். ஏன் இன்ஸ்பெக்டர் தலகாணி என்று கேட்டேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு விளையாடப் போய்விட்டாள். ‘அப்புறம்?’, ‘அவர் எங்கே உட்கார்ந்திருந்தார்?’, ‘என்ன சத்தம் வந்துச்சு?’ என்று கேட்டால் ஓடும். ‘ஆக்ஸ் காப்’ என்ற இணையச் சித்திரக்கதை இப்படித்தான் உருவானது. 5 வயதுத் தம்பி கதை சொன்னான், 29 வயது அண்ணன் கேள்வி கேட்டுக் கேட்டு வரைந்தார். கதையின் போக்கை முடிவு செய்தது தம்பி.

எழுதும்போதே கைபேசியில் பதிவும் செய்துவிடுங்கள். அதை வெளியிடுவது வேறு விஷயம். எந்தச் சொல்லில் அவள் மூச்சு வாங்கினாள், எங்கே குரலைத் தாழ்த்தினாள் என்பது பிறகு நடிப்பவர்களுக்குத் தேவைப்படும்.

அவளே சொன்னால்

உழைப்பு குறைவு, அழகு அதிகம். பார்த்ததும் எல்லாரும் இதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். நாங்களும் இதில்தான் தொடங்கினோம்.

முதல் சிக்கல், கதை இரண்டாம் முறை வராது. முதல் தடவை அவள் சொன்னது பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. மைக்கை வைத்து ‘இப்போ சொல்லு’ என்றதும் பள்ளி ஆண்டுவிழாக் குரல் வந்துவிட்டது. கைகட்டி நின்று, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, கடைசியில் ‘நன்றி, வணக்கம்’ வேறு. அந்தப் பதிவைக் கேட்டால் பல்லி, வால், தலகாணி எல்லாரும் மேடையில் வரிசையாக நிற்பது போல இருக்கிறது.

இரண்டாவது, குழந்தைக் குரலைப் பதிவு செய்வது சுலபமில்லை. ஒரு வரி கிசுகிசு, அடுத்த வரி கூச்சல், நடுவில் நாற்காலியை உதைப்பது. பேச்சு மீட்டரில் சராசரியாக −18 முதல் −12 டெசிபலுக்குள் நிற்கும்படி அளவை வைத்துக்கொண்டால், திடீர்க் கூச்சலுக்கு மேலே இடம் இருக்கும். 32 பிட் ஃப்ளோட் முறையில் பதியும் கருவி கையில் இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. அளவு எகிறினாலும் பிறகு எடிட்டிங்கில் இறக்கி மீட்டுவிடலாம். துணி நிறைந்த அலமாரியின் முன்னால் உட்காரவைத்தால் எதிரொலி குறையும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் இருந்தால் ‘ப’, ‘ப்ப’ வரும் இடங்களில் காற்று அடிக்காது. பல்லிக் கதைக்கு இது முக்கியம்.

மூன்றாவது சிக்கல்தான் என்னைத் தடுத்தது. கதை தெரியாதவர்களுக்குப் போட்டுக் காட்டியபோது அவர்கள் சிரித்த இடங்களைக் குறித்துக்கொண்டேன். அவள் ‘இன்ஸ்பெக்டர்’ என்று சொல்லத் தடுமாறிய இடம், மூக்கை உறிஞ்சிய இடம், ‘நன்றி வணக்கம்’. கதையில் இருக்கும் வேடிக்கை ஒன்றுக்குக்கூட யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு கதைக்குப் போகாமல் கதை சொன்னவளுக்குப் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளும் அதைக் கவனித்தாள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள், நடிப்பில் ஆசை உள்ளவர்கள் என்றால் இது மாறும். தன் கதையில் எந்த இடம் சிரிப்பு என்று தெரிந்து, அதற்காக நிறுத்தி, முகத்தை மாற்றாமல் சொல்லக்கூடிய பத்து வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிவிடலாம்.

ஒருவர் அப்படியே வாசித்தால்

இது என் கட்சி. அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கலாம். அதற்குத் தக்க தண்டனையும் கிடைத்தது.

முதல் டேக்கில் நான் குழந்தைக் குரலில் வாசித்தேன். மிமிக்ரி எனக்கு ஓரளவு வரும் என்று நினைப்பு. அவள் கேட்டுவிட்டுச் சொன்னது ஒரே வரி: “நான் அப்படியா பேசுறேன், சித்தப்பா?” அதற்கு மேல் அந்தப் பதிவை வைத்திருக்க மனம் வரவில்லை. மென்பொருளில் சுருதியை ஏற்றிப் பார்ப்பதும் இதே கதைதான். வயது வந்த ஆணின் பேச்சுக்குரல் சுமார் 100 முதல் 130 ஹெர்ட்ஸில் இருக்கும். சிறு குழந்தையின் குரல் 250–300 ஹெர்ட்ஸ் வாக்கில். அவ்வளவு தூரம் ஏற்றும்போது தொண்டை, வாய் இவற்றின் அதிர்வும் சேர்ந்து மேலே போய்விடுவதால் அணில் பேசுவது போல இருக்கும். குழந்தை போல இருக்காது.

இரண்டாவது டேக்கில் செய்தி வாசிப்பது போல வாசித்தேன். ‘கண்ணீரில் மிதந்த காவல் நிலையம் நிலாவைச் சென்றடைந்தது’ என்று மாற்றாமல், அவளுடைய சொற்களையே, ஆனால் மாலைச் செய்தியின் நிதானத்தோடு. இது வேலை செய்தது. குழந்தை கதை சொல்லும்போது இருக்கிற அந்த முழு நம்பிக்கையைப் பெரியவர் குரலில் கொண்டுவரக் கிடைத்த நெருக்கமான வழி இதுதான். வாசிப்பவர் தனக்கே சிரிப்பு வருவதாகக் கொஞ்சம் காட்டினாலும் போச்சு. ‘பாருங்கள், குழந்தை எப்படி உளறியிருக்கிறது’ என்ற தொனி வந்துவிடும்.

இந்த முறையில் வாசிப்பவரின் கையில் இருக்கும் கருவி ஒன்றே ஒன்று, மௌனம். ‘ஆனா அது வேற வால் வச்சிருந்துச்சு’ என்ற வரிக்குப் பிறகு இரண்டு விநாடி விட்டேன். போட்டுக் காட்டியபோது ஒருவர் சிரித்தார், ஒருவர் “ஐயோ” என்றார். அதுவரை எனக்கும் அது வெறும் வேடிக்கை வரியாகத்தான் தெரிந்திருந்தது. ‘அப்புறம் எல்லாரும் செத்துட்டாங்க’வுக்கும் அடுத்த வரிக்கும் நடுவே அவள் இடைவெளி விடவே இல்லை, பழைய பதிவில் கேட்டுப் பார்த்தேன். அதனால் நானும் விடவில்லை. செத்ததும் எழுந்ததும் ஒரே மூச்சு.

குறை என்னவென்றால், ஒரு நிமிடக் கதைக்கு இது அற்புதம்; ஐந்து நிமிடத்துக்கு வராது. செய்திக்குரல் என்பது ஒரே ஒரு வேடிக்கை. மூன்று கதைகளை அடுத்தடுத்து அப்படி வாசித்துப் பதிந்தோம், மூன்றாவதில் கேட்பவர்கள் கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கதையில் உரையாடல் அதிகம் இருந்தால் இன்னும் கஷ்டம். யார் யாரிடம் பேசுகிறார் என்பதே புரியாது.

ஆனால் ஒரு மாலையில் முடிந்துவிடும் வேலை. தனியாக இருப்பவர்கள், முதல் முறை முயல்பவர்கள் இதில் தொடங்கினால் நஷ்டமில்லை.

ஸ்கிரிப்ட் எழுதி நடித்தால்

நண்பன் மூன்று நாள் உட்கார்ந்து 11 பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். நன்றாக எழுதக்கூடியவன், அதில் சந்தேகமில்லை. தலகாணி இன்ஸ்பெக்டருக்கு உறை மாற்றினால் பதவி உயர்வு. ஏட்டு ஒரு போர்வை. புகாரைப் பதிவு செய்ய வாலிடம் லஞ்சம் கேட்கிறார்கள். வாலுக்கு ஒரு வக்கீல். படித்தபோது நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நான்கு பேர் நடித்து, மூன்று வார இறுதிகள் பதிவு செய்து, ஓசைகள் சேர்த்து, 9 நிமிடப் பதிவாக முடித்தோம்.

கதைக்காரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “நல்லா இருக்கு. ஆனா இது மாமா கதை” என்றாள். அவள் மாமா என்று சொன்னது என் நண்பனை. கோபமெல்லாம் இல்லை. வேறு யாருடைய வீட்டுக்கோ போய் வந்தவள் போல இருந்தாள்.

யோசித்துப் பார்த்தால் தவறு எங்கே என்று தெரிகிறது. லஞ்சம், பதவி உயர்வு, வக்கீல் எல்லாம் பெரியவர்களின் உலகத்திலிருந்து அவள் கதைக்குள் கொண்டுபோய்ப் போட்ட சாமான்கள். அவளுடைய கதையில் காவல் நிலையம் இருந்தது, ஆனால் ஊழல் இல்லை. இன்ஸ்பெக்டர் வேலை செய்யாததற்குக் காரணம் அவர் தலகாணி, அவ்வளவுதான். நண்பனின் நகைச்சுவை நம்முடைய அலுவலக எரிச்சலிலிருந்து வருகிறது. அவளுடையது ஒரு பொருளை ஆளாக நினைத்துவிட்டு, அதன் விளைவுகளைக் கடைசிவரை விடாமல் பின்தொடர்வதிலிருந்து வருகிறது.

இருந்தாலும் இந்த முறையைக் கழித்துக்கட்ட நான் தயாராக இல்லை. ஒரு காரணம், ஓசைகள். பின்னணி ஓசைகளை முழுமையாகக் கட்ட முடிவது திட்டமிட்ட பதிவில்தான். ஹாலிவுட்டில் பேசும்படம் வந்த காலத்தில் ஜாக் ஃபோலி என்பவர் தொடங்கிவைத்த கலை இது. அந்த வேலைக்கே இன்றுவரை அவர் பெயர்தான். அந்தத் தொழிலில் குதிரைக் குளம்புக்குத் தேங்காய்ச் சிரட்டை, பனியில் நடக்கும் சத்தத்துக்குத் தோல்பையில் சோள மாவு, பறவைச் சிறகுக்கு ஒரு ஜோடிக் கையுறை. சரி, கால் இல்லாத வால் நடந்தால் என்ன சத்தம்? எங்களில் யாருக்கும் தெரியவில்லை. கதைக்காரியிடம் கேட்டோம். “நடக்காது, குதிக்கும்” என்றாள். குளியலறைக்குப் போய் ஈரத் துண்டின் நுனியைத் தரையில் அடித்துக் காட்டினாள். அப்பட்டமான வால். ஸ்டேஷன் மிதப்பதற்கு வாளித் தண்ணீரில் குழாய் வைத்து ஊதினோம். நிலாவில் இறங்கியதும் ஓசையை நிறுத்திவிடலாம், அங்கே காற்று இல்லை, சத்தம் பரவாது என்று நான் பெரிய மேதை போலச் சொன்னேன். “இல்ல, நிலாவுல எதிரொலி வரும்” என்றாள். எதிரொலி சேர்த்தோம். அவள் சொன்னதுதான் நன்றாக இருந்தது.

ஆகவே அந்த 9 நிமிடத்தில் அவளுக்கே சொந்தம் என்று அவள் ஒப்புக்கொண்டது ஓசைகளை மட்டும்தான். ஸ்கிரிப்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்: குழந்தையை ஓசைப் பொறுப்பாளராக வைத்துக்கொண்டால் பாதிக் கதை காப்பாற்றப்படும்.

இன்னொரு காரணம், நீளம். பன்னிரண்டு கதாபாத்திரங்கள், நான்கு நாடுகள், ஒரு போர் என்று நோட்டுப் புத்தகம் முழுவதும் எழுதிவைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. அந்தக் கதையை ஸ்கிரிப்ட் இல்லாமல் யாராலும் தாங்க முடியாது. சிகாகோவில் 1997இல் தொடங்கப்பட்ட பேரல் ஆஃப் மங்கீஸ் நாடகக் குழு, பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளோடு கதை எழுதி, அவற்றைக் குறுநாடகங்களாகவும் பாடல்களாகவும் மேடையேற்றியது. ஸ்டோரி பைரேட்ஸ் என்ற அமெரிக்கக் குழு பிள்ளைகளின் கதைகளை பாட்காஸ்ட்டில் நடித்துத் தருகிறது. இவர்கள் தேர்ந்த நடிகர்கள். ஒரு வரியில் இருக்கும் வினோதத்தை எவ்வளவு தூரம் நீட்டலாம், எங்கே நிறுத்தலாம் என்பது தெரிந்தவர்கள். நம்மைப் போன்றவர்கள் 11 பக்கம் எழுதும்போது முதலில் கை வைப்பது நமக்குப் புரியாத வரிகளில்தான். கதையின் உயிர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அந்த நேரத்தில் தோன்றுவதைப் பேசினால்

தோழி சொன்ன வழி இதுதான். ஒருவர் கதைசொல்லி, குழந்தையின் வரிகளை ஒரு சொல்கூட மாற்றாமல் வாசிப்பார். இரண்டு பேர் நடிகர்கள். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் அந்தக் காட்சியை அங்கேயே கற்பனை செய்து பேசுவார்கள். கதைசொல்லி அடுத்த வரியை வாசித்ததும் நிறுத்த வேண்டும். கதை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போயாக வேண்டும்.

இப்படி முன் தயாரிப்பின்றி நடிப்பவர்களிடையே ஓர் அடிப்படை விதி உண்டு: எதிராளி சொன்னதை மறுக்கக் கூடாது, ஏற்றுக்கொண்டு அதன் மேல் ஒன்றைச் சேர்க்க வேண்டும். தமிழில் சொன்னால் ‘ஆமாம், அப்புறம்?’. வேடிக்கை என்னவென்றால் இந்தக் கலையின் ஒரு முக்கியமான வேர் குழந்தைகள் விளையாட்டில்தான் இருக்கிறது. 1930களின் இறுதியில் சிகாகோவில் குடியேறிகளின் பிள்ளைகளோடு நாடகம் நடத்திய வயோலா ஸ்போலின், அவர்களுக்காக நாடக விளையாட்டுகளை உருவாக்கினார். அவருடைய மகன் பால் சில்ஸ் 1959இல் செகண்ட் சிட்டி நகைச்சுவை அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவர். பெரியவர்கள் சிரிப்பதற்காகக் குழந்தைகளிடமிருந்து எடுத்துப் போன பொருள், இங்கே குழந்தையின் கதைக்கே திரும்பி வருகிறது.

எங்கள் பதிவில் நடந்ததைச் சொல்கிறேன். தோழி வால், நண்பன் தலகாணி. (ஸ்கிரிப்ட் போனதில் அவனுக்குச் சற்று வருத்தம், ஆனால் தூங்கும் வேடம் என்றதும் சமாதானமாகிவிட்டான்.) கதைசொல்லி, புகார் கொடுத்த வரியை வாசித்தார். தலகாணி அரைத்தூக்கத்தில் கேட்டது: “காணாமப் போன பல்லிக்கு அடையாளம் சொல்லுங்க.”

வால் கொஞ்சம் யோசித்தது. “தெரியலையே சார். நான் பின்னாடியிலிருந்துதான் பார்த்திருக்கேன்.”

பதிவை நிறுத்தவேண்டி வந்தது, அவ்வளவு சிரிப்பு. கதைக்காரி தரையில் உருண்டாள். எழுந்ததும் அவளே தொடர்ந்தாள்: “ஆமா! அது மூஞ்சி வாலுக்குத் தெரியாது! அப்ப நிலாவுல எப்படிக் கண்டுபிடிச்சுச்சு?” தன் கதையில் தான் கவனிக்காத ஓட்டையை அவளே கண்டுபிடித்து, அதற்கு ஒரு விடையும் வைத்துக்கொண்டாள்: முதுகைப் பார்த்துக் கண்டுபிடித்தது. அடுத்த டேக்கில் அதுவும் சேர்ந்தது.

லஞ்ச நகைச்சுவையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் பெரியவர்கள் சேர்த்தவைதான். முதலாவதை எந்தக் காவல் நிலையக் கதையிலும் போடலாம். இரண்டாவது இந்தக் கதையில் மட்டும்தான் முளைக்கும், ஏனென்றால் அது வால் என்பதை நம்பிய ஒருவருக்குத்தான் அது தோன்றும். ஒருவேளை நேரம் இல்லாததுதான் காரணமோ என்னவோ. யோசிக்க மூன்று நாள் கிடைத்தால் நாம் நமக்குத் தெரிந்த உலகத்துக்குத் திரும்பிவிடுகிறோம். மூன்று விநாடிதான் என்றால் கையில் இருக்கும் வரியைத்தான் பிடித்துக்கொள்ள முடியும்.

குறைகளும் நிறையவே. ஐந்தரை நிமிடப் பதிவுக்காக 50 நிமிடம் பேசியிருந்தோம். அதில் பெரும்பகுதி குப்பை. இருவரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசுவதால் வெட்டி ஒட்டுவது நரகம். இருவருக்கும் தனித்தனி மைக் வேண்டும், அவை தமக்கு முன்னால் பேசும் குரலை அதிகமாகவும் மற்றப் பக்கத்துச் சத்தத்தைக் குறைவாகவும் வாங்கும் கார்டியாய்டு வகையாக இருந்தால் நல்லது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இரண்டு மைக்குகளுக்கும் நடுவே இருக்க வேண்டும் என்பது ஒலிப்பதிவாளர்களின் பழைய கணக்கு. நாங்கள் முதல் நாள் இருவரையும் ஒரே மேசையில் நெருக்கி உட்காரவைத்து, அந்தப் பதிவையே தூக்கியெறிந்தோம்.

அதைவிடப் பெரிய ஆபத்து நடிகர்கள். டைமிங் உள்ள இருவர் கிடைத்துவிட்டால் அவர்களுக்குள் போட்டி வந்துவிடும். கவுன்டர் மேல் கவுன்டர் போய், கதைசொல்லியின் வரிகள் வெறும் இடைஞ்சலாகிவிடும். எங்கள் இரண்டாவது டேக் அப்படித்தான் ஆனது. அதற்காக ஒரு விதி வைத்தோம்: ஒரு வரிக்கு இருவரும் சேர்ந்து ஆறு வாக்கியத்துக்கு மேல் பேசக் கூடாது. கதைக்காரியிடம் ஒரு மணி கொடுத்தோம். கதை தடம் மாறினால் அடிக்கலாம். நான்கு முறை அடித்தாள். அதில் மூன்று முறை குறட்டைக்கு. “தலகாணி குறட்டை விடாது. தலகாணி மேல படுக்கிறவங்கதான் விடுவாங்க.” இதற்கு எங்களிடம் பதில் இல்லை.

மற்ற இரண்டு

இயந்திரக் குரலில் வாசிக்கவைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: முயன்றோம். முகம் மாறாமல் வாசிப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை என்று முதல் அரை நிமிடம் தோன்றியது. ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. ‘வேற வால்’ வரியைத் தாண்டி அடுத்த வரிக்கு ஓடிவிட்டது. இடைவெளிகளைக் கையால் சேர்க்கும் நேரத்தில் நாமே வாசித்துவிடலாம். குழந்தையின் குரலை மாதிரியாகக் கொடுத்து அதே போன்ற செயற்கைக் குரல் உருவாக்கும் வசதிகளும் வந்துவிட்டன. அதை எந்தச் சூழலிலும் செய்யாதீர்கள்.

பாடல், சில கதைகளுக்கு மட்டும். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் கதைகள் தாமாகவே பல்லவி கேட்கும். பல்லிக் கதை கேட்கவில்லை.

யாருடைய கதை

இது சட்டம் சம்பந்தப்பட்டது, ஆனால் சட்டத்துக்கு முன்னால் மரியாதை சம்பந்தப்பட்டது. கதையை இயற்றியவருக்குத்தான் பதிப்புரிமை. பொதுவாக வயது அதற்குத் தடையில்லை. உறவுப் பிள்ளை, நம் மாணவன் என்பதால் அது நம்முடையதாகிவிடாது. பெற்றோரின் சம்மதம் மட்டும் போதாது, பிள்ளையிடமும் கேட்க வேண்டும், பதிவு முடிந்தபின் இன்னொரு முறை கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அதோடு விட வேண்டும்.

பொதுவெளியில் போடுவதாக இருந்தால் குரல், முழுப்பெயர், பள்ளி மூன்றையும் யோசியுங்கள். அமெரிக்காவின் குழந்தைகள் தனியுரிமைச் சட்ட விதிகளில் 13 வயதுக்குட்பட்டவர்களின் குரல் பதிவு 2013 முதல் தனிப்பட்ட தகவலாகவே கருதப்படுகிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாளும் நிறுவனங்கள் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது. வீட்டில் விளையாட்டாகச் செய்யும் நமக்கு இவை நேரடியாகப் பொருந்துமா என்பதைவிட, பதினாறு வயதில் அவள் இதை நண்பர்கள் மத்தியில் கேட்க நேர்ந்தால் என்ன நினைப்பாள் என்ற கேள்வி எனக்கு உதவியாக இருந்தது. கதைக்காகச் சிரித்தார்கள் என்றால் பெருமைப்படுவாள். மூக்கு உறிஞ்சியதற்காகச் சிரித்தார்கள் என்றால்? அவளுக்கு ஒரு புனைபெயர் வைக்கச் சொன்னோம். ‘நிலா எஸ்.ஐ.’ என்று வைத்துக்கொண்டாள்.

நான் எடுத்த முடிவு

கதையை இரண்டு முறை உரக்கப் படித்துப் பார்க்கிறேன். வேடிக்கை வாக்கியத்திலேயே இருந்தால் தனியாள் வாசிப்பு. ‘நேத்து நான் பிறக்கறதுக்கு முன்னாடி’ என்று தொடங்கும் கதையில் நடிக்க என்ன இருக்கிறது, சொல்லத்தான் இருக்கிறது. வேடிக்கை நிலைமையில் இருந்தால், அதாவது ‘வால் புகார் கொடுக்கிறது’ என்று ஒருவரிடம் சொன்னாலே அவருக்கு அந்தக் காட்சி ஓடத் தொடங்கினால், கதைசொல்லியும் இரண்டு நடிகர்களும். நோட்டுப் புத்தகம் நிறைய எழுதும் பிள்ளை என்றால் ஸ்கிரிப்ட், ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் அந்தப் பிள்ளை படித்து அடிக்கலாம் என்ற ஒப்பந்தத்தோடு.

பல்லிக் கதைக்கு நாங்கள் கடைசியாக வைத்துக்கொண்டது ஒரு கலவை. கதைசொல்லி செய்திக்குரலில் அவளுடைய வரிகளை வாசிக்கிறார். நடுவே வாலும் தலகாணியும் பேசுகிறார்கள். ஈரத் துண்டும் நிலா எதிரொலியும் ஸ்கிரிப்ட் பதிவிலிருந்து வந்தவை. ‘வேற வால்’ வரிக்குப் பிறகு நடிகர்கள் யாரும் பேசுவதில்லை. அந்த இரண்டு விநாடி அப்படியே இருக்கிறது. மொத்த ஒலி அளவை பாட்காஸ்ட்டுகளுக்கு வழக்கமான −16 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காதுக்கு ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு) கொண்டுவந்தோம், கைபேசியில் கேட்பவர்கள் அளவைக் கூட்டிக் குறைக்காமல் இருக்க.

கடைசி 20 விநாடி மட்டும் அவள் குரல். ஸ்டோரி பைரேட்ஸ் குழு, கதை எழுதிய பிள்ளையோடு உரையாடுவதைப் பார்த்து எடுத்துக்கொண்ட யோசனை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன், ஒத்திகை இல்லாமல். இந்தப் பகுதி இருக்கும் பதிவைக் குடும்பத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

“பல்லிதான் வேற வால் வச்சுக்கிச்சே. அந்தப் பழைய வால் இப்ப எங்க இருக்கு?”

“ஸ்டேஷன்லதான், சித்தப்பா. தலகாணி மேல படுத்துத் தூங்குது.”